மறு ஆபரேஷனுக்குப் பிறகு இம்ப்ளான்ட் மேலேயே நிற்கிறது, தானாக இறங்குமா?

கேள்வி: எட்டு வருடங்களுக்கு முன் மார்பக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். நாளாக ஆக இரண்டும் சரிந்தன. இடது பக்கம் அடிமடிப்பையே தாண்டி இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்யப் பத்து வாரங்களுக்கு முன் மறுபடி ஆபரேஷன் நடந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புது இம்ப்ளான்ட் வைத்தார்கள். இப்போது பிரச்சினை தலைகீழாகிவிட்டது. இரண்டும் மேலே ஏறி, நெஞ்சின் மேல்பகுதியில் மேடாக நிற்கின்றன. இடது இன்னும் உயரம். மசாஜ் செய்தால் இறங்குமா? எனக்குத் தெரிந்த ஒரு சிகிச்சை ஆலோசகர் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தப்பாகிவிட்டது, வேறு டாக்டரிடம் உடனே திருத்திவிடலாம், இந்த வாரம் முன்பணம் கட்டினால் சலுகை என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மசாஜும் வேண்டாம். இனி காரணத்தைச் சொல்கிறேன்.

இம்ப்ளான்ட்டை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். அதனால் அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். ஒரு பை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தப் பையின் அடிப்பாகம் தொய்ந்துவிட்டது, இம்ப்ளான்ட் கீழே போய்விட்டது. டாக்டர் அந்த அடிப்பாகத்தைத் தூக்கி, நெஞ்சுக்கூட்டோடு சேர்த்துத் தையல் போட்டிருப்பார். அந்தத் தையல் கொஞ்சம் இளகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கடைசியில் எங்கே நிற்க வேண்டுமோ அதைவிட மேலேதான் நிறுத்துவார். கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுகிறவர் தொய்வுக்கும் சேர்த்தே இழுப்பார் இல்லையா, அந்தக் கணக்குதான். இடது பக்கம் அதிகம் சரிந்திருந்தது, அதனால் அங்கே அதிகம் இழுத்துக் கட்டியிருப்பார். இடது உயரமாகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் போதுமான விளக்கம்.

இதோடு வீக்கமும் சேர்கிறது. இம்ப்ளான்ட் நெஞ்சுத் தசைக்கு அடியில் இருந்தால் அந்தத் தசையும் இறுகி மேலே பிடித்து வைக்கும். முதல் முறை வைத்தவர்களுக்கே இது தளர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உங்களுடையது தழும்பேறிய இடம். எட்டு வருடத்துக்கு முன் எத்தனை வாரத்தில் இறங்கியது என்பதை இப்போது அளவுகோலாக வைக்காதீர்கள்.

சரி, மசாஜ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து கீழே தள்ளும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மார்பின் மேல்பக்கம் கட்டும் பட்டையும் பார்த்திருப்பீர்கள். சில டாக்டர்கள் அவற்றைச் சொல்வது உண்மைதான், ஆனால் முதல் முறை, வழவழப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு. அடியில் தையல் போட்ட மார்பை அப்படித் தள்ளினால் அத்தனை வேகமும் அந்தத் தையலில்தான் போய் விழும். தழும்பு ஓரளவு பலம் பெறவே மூன்று மாதமாவது ஆகும். பத்தாவது வாரத்தில் தள்ளிப் பிரித்துவிட்டால், எதற்காக ஆபரேஷன் செய்துகொண்டீர்களோ அதே சரிவு திரும்ப வந்து நிற்கும்.

ஒரு நோயாளிக்கு அப்படித்தான் ஆனது. அவர் ஆபரேஷன் செய்துகொண்ட இடத்தில் எல்லோருக்கும் ஒரே துண்டுத்தாளைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தினமும் இரண்டு வேளை மசாஜ் என்று அதில் அச்சடித்திருக்கும். இவருக்கு அடிமடிப்பில் தையல் போட்டதைத் தாள் கொடுத்த பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. நோயாளியும் சிரத்தையாக மசாஜ் செய்தார். நாலாவது மாதம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. டாக்டர் நோயாளியைக் குறை சொன்னார், நோயாளி தாளைக் காட்டினார். ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு வரி எழுதிக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருவேளை உங்களுக்கு அடியில் தையலே போடவில்லை, இம்ப்ளான்ட்டை மட்டும் மாற்றினார்கள் என்றால்? அப்போது பட்டை உதவுமா, மசாஜ் உதவுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம். ஒரு பக்கம் தையல், மறுபக்கம் இல்லை என்றால், தையல் இல்லாத பக்கத்துக்கு மட்டும் கேட்கலாம். சொரசொரப்பான மேற்பரப்பு என்றால் அந்தப் பக்கத்துக்கும் வேண்டாம். அது திசுவைப் பற்றிக்கொண்டு இருக்க வேண்டிய வகை. ஆக, உள்ளே என்ன செய்தார்கள், என்ன வைத்தார்கள் என்று தெரியாமல் கையே வைக்கக்கூடாது.

அது தெரிய வேண்டுமானால் ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் ‘இம்ப்ளான்ட் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். தியேட்டரில் எழுதிய குறிப்பின் நகலைக் கேளுங்கள். அதில் ‘கேப்சுலோராஃபி’ என்று இருந்தால் பையைத் தைத்திருக்கிறார்கள். ‘கேப்சுலெக்டமி’ என்றால் பழைய சவ்வை எடுத்திருக்கிறார்கள். மெஷ் அல்லது ஏ.டி.எம். (ADM) என்று இருந்தால் தாங்குவதற்கு வலையோ பதப்படுத்திய திசுவோ வைத்திருக்கிறார்கள். அந்த மார்பு இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். கேட்டவுடன் கொடுக்க மாட்டார்கள். ரெக்கார்ட் ரூமில் தேட வேண்டும் என்பார்கள், அடுத்த வாரம் வரச் சொல்வார்கள், டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பார்கள். பணம் கட்டும் கவுன்ட்டரில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் உங்கள் பெயர், இங்கே மட்டும் கிடைக்காது. எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள்.

கூடவே இம்ப்ளான்ட் கார்டையும் வாங்குங்கள். கம்பெனி, லாட் எண், அளவு, மேற்பரப்பு எல்லாம் அதில் இருக்கும். 2010-இல் பிரான்ஸின் பி.ஐ.பி. கம்பெனி மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிகோனை நிரப்பியது அம்பலமானது. அப்போது தங்களுக்குள் இருப்பது அந்தக் கம்பெனியுடையதா என்றே தெரியாமல் பல பெண்கள் தவித்தார்கள். 2019-இல் அலர்கன் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு காரணமாக, உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோதும் கார்டு கையில் இருந்தவர்களுக்குத்தான் நிம்மதி.

இப்போது உங்கள் ஆலோசகர். போட்டோவில் உயரம் தெரியும். மென்மை தெரியுமா? தையல் தெரியுமா? தசைக்கு அடியிலா மேலா என்பது தெரியுமா? இத்தனையும் தெரியாமல் ‘தப்பான ஆபரேஷன்’ என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் வருகிறது என்றால், உங்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கமிஷன் வாங்குகிறவர் காத்திருக்கச் சொல்ல மாட்டார், காத்திருப்பில் அவருக்கு வருமானம் இல்லை. பத்தாவது வாரத்தில் திரும்பத் திறந்தால் திசு இன்னும் வீங்கிச் சிவந்துதான் இருக்கும், ரத்தக்கசிவு அதிகம், எது எந்த அடுக்கு என்று பிரிப்பதே கஷ்டம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேல்தோலுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையே இருக்கும் சதை மெலிந்துகொண்டே போகும். உருப்படியான டாக்டர் இரண்டாவது கருத்து சொல்வதற்கு முன் உங்கள் ஆபரேஷன் நோட்ஸைத்தான் முதலில் கேட்பார். அதைக் கேட்காமல் தேதி கொடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நிஜமாகவே தவறு நடந்திருக்க வாய்ப்பு இல்லையா? இருக்கிறது. அடிமடிப்பைத் தேவைக்கு மேல் ஏற்றித் தைத்திருக்கலாம். அப்படியானால் இம்ப்ளான்ட் மேலேயே நின்றுவிடும், உங்கள் சொந்த மார்புத் திசு மட்டும் அதன் மேல் வழிந்து தொங்கும், காம்பு தரையைப் பார்க்கும். அதை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் நிதானமாகச் சொல்ல முடியும். சரிசெய்வதும் அப்போதுதான்.

நான் கவலைப்படுவது இன்னொன்றுக்கு. சவ்வு தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்கி மேலே தள்ளுவது. கேப்சுலர் கான்ட்ராக்சர் என்பார்கள். பேக்கர் அளவுகோலில் இது நான்கு படி. முதல் படி இயல்பானது, மூன்றில் உருவம் மாறும், நான்கில் வலியும் சேரும். இதற்கும் சாதாரண இறுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் திசைதான். சாதாரணமாக ஆறும் மார்பு மாதத்துக்கு மாதம் மென்மையாகும், மெல்ல இறங்கும். சுருங்கும் மார்பு நாளுக்கு நாள் கெட்டியாகும்; கொஞ்சம் இறங்கியது கூட மறுபடி ஏறும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். மல்லாந்து படுக்கும்போது மென்மையான மார்பு பக்கவாட்டில் சற்றுப் பரவும், சுருங்கியது பந்து மாதிரி அப்படியே நிற்கும். இப்போதே படுத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பத்து வாரத்தில் எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே இடம், ஒரே வெளிச்சம், கைகளைத் தொங்கவிட்டு நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி தினமும் பயமுறுத்தும், ஆனால் தேதி போட்ட போட்டோக்களை வரிசையாக வைத்தால் மாற்றம் தெரியும்.

யாராவது கையால் அழுத்திப் பிழிந்து அந்தச் சவ்வை உடைத்துவிடலாம் என்றால் தொடவே விடாதீர்கள். ஒரு காலத்தில் செய்தார்கள்தான். இம்ப்ளான்ட் கிழிந்தது, உள்ளே ரத்தம் கட்டியது, அதனால் கைவிட்டார்கள்.

திடீரென ஒரு பக்கம் வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் காத்திருப்பு கிடையாது.

மற்றபடி, அறுத்த டாக்டரிடமே ஒரு முறை போய், ‘அடிமடிப்பை எவ்வளவு உயர்த்தினீர்கள், எவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் போடச் சொன்ன பிராவை அவர் சொன்ன நாள் வரை கழற்றாதீர்கள். ‘அது தாங்கிப் பிடிப்பதால்தான் மேலே நிற்கிறது’ என்று யாராவது யோசனை சொன்னால், தாங்கிப் பிடிக்கத்தான் அதைப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.