லெப்பர்ட் கெக்கோ: சூடும் வெளிச்சமும் (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வளர்க்கிறோம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்திருந்தேன். திரையிலும் 32தான் காட்டியது. ஆனாலும் எங்கள் கெக்கோவின் வயிறு சிவந்து தோல் உரிந்திருக்கிறது. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டிருக்கிறோம். தெர்மோஸ்டாட் பழுதா?

பதில்: முதலில் மேட்டின் இணைப்பைக் கழற்றுங்கள். தரையில் இருப்பதை அள்ளிவிட்டு டிஷ்யூ பேப்பர் விரித்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் தீக்காயக் களிம்பைத் தடவ வேண்டாம்.

இனி காரணத்துக்கு வருவோம். தெர்மோஸ்டாட்டின் ப்ரோப், அதாவது சூட்டை அளக்கும் வயர் நுனி, எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டுக்குத் தன் வயர் நுனியில் இருக்கும் சூடு மட்டும்தான் தெரியும். நுனி காற்றில் தொங்கினால், காற்று 32 ஆகும்வரை மேட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மேட் தன் மேல் கிடப்பதைச் சூடாக்குமே தவிர, காற்றை அதிகம் சூடாக்காது. அதனால் காற்று 32-ஐ எட்டுவதற்குள் தரை 40-ஐத் தாண்டிவிடும். ப்ரோப் குளிர்ந்த மூலைக்கு நழுவிப் போயிருந்தாலும் இதே கதைதான்.

ப்ரோப் இருக்க வேண்டிய இடம், சூடான பக்கத்துப் பொந்துக்குள் (கெக்கோ ஒளிந்துகொள்ள வைக்கும் கூடு), கெக்கோவின் வயிறு படும் தரை. சக்ஷன் கப் போட்டு ஒட்டினால் என்றாவது ஒருநாள் கழன்றுவிடும். சிலிகான் பசையால் ஒட்டி, அது நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகு கெக்கோவை விடுங்கள். தொட்டிக்குள் ஒட்டும் டேப் மட்டும் கூடாது. கெக்கோ அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோல் கிழிந்துவிடும். சிலர் ப்ரோப்பை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிறார்கள். அது நகராது, நல்லதுதான். ஆனால் உள்தரை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். உள்ளே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து, அதற்கேற்ப தெர்மோஸ்டாட்டில் வைக்கும் டிகிரியை ஏற்ற வேண்டும்.

இன்னொரு சந்தேகம்: தரையில் மண் எவ்வளவு கனம்? மேட் போட்ட தொட்டியில் 5 செ.மீ. மண் இருந்தால் மேலே சூடு வராது. கெக்கோ சூட்டைத் தேடித் தோண்டிப் போய் நேரே கண்ணாடியில் படுக்கும். மேட் என்றால் தரையில் டைல் அல்லது மிக மெல்லிய படுகை. ஆழமாக மண் போட ஆசையென்றால் சூடு மேலிருந்துதான் வர வேண்டும்.

மேட் தரையில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு ஓரமாக மூடினால் போதும். முழுத் தரைக்கும் போட்டால் சூடு அதிகமானால் ஒதுங்க இடமில்லை. தொட்டியின் அடியில் ரப்பர் கால்கள் வைத்துச் சில மி.மீ. இடைவெளி விடுங்கள். மேசையோடு அப்பியிருந்தால் சூடு வெளியேற வழியின்றிக் கண்ணாடி விரிசல் விடலாம், பலகை கருகலாம்.

கேள்வி: சரியான வெப்பநிலை எவ்வளவு? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு ஓர் இடத்தில் அளப்பதால் வரும் குழப்பம் அது. பொந்தின் தரை 31 - 33 டிகிரி செல்சியஸ். மேலே விளக்கு இருந்தால் அதன் நேர் கீழுள்ள கல் 33 - 35. குளிர்ந்த பக்கம் 22 - 26. இரவில் 20 வரை இறங்கினாலும் ஆரோக்கியமான பெரிய கெக்கோவுக்குத் தொல்லை இல்லை. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது கண்ணாடிச் சுவரின் கதையைத்தான் சொல்லும்.

கேள்வி: ஹாலஜன் விளக்கு, செராமிக் ஹீட்டர், ஹீட் மேட் மூன்றில் எது நல்லது? ஒரே தெர்மோஸ்டாட் எல்லாவற்றுக்கும் ஆகுமா?

பதில்: பகலுக்கு எங்கள் தேர்வு ஹாலஜன். அதன் அகச்சிவப்புக் கதிர் உடலுக்குள் ஆழமாக இறங்கும். கல்லையும் சூடாக்குவதால், விளக்கு அணைந்த பிறகும் கெக்கோ அந்தக் கல்லில் வயிற்றை வைத்துப் படுக்கலாம். செராமிக் வெளிச்சமே தராது. அறை ரொம்பக் குளிரும் இரவுகளுக்கு அது போதும். மேட் வயிற்றுக்கு மட்டும் சூடு தரும், தொட்டியின் காற்றை உயர்த்தாது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகாது. மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும். ஹாலஜனுக்கு டிம்மிங் வகை (மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைப்பது) வேண்டும். ஆன்-ஆஃப்பில் மாட்டினால் விளக்கு நாள் முழுக்க அணைந்து அணைந்து எரியும், பல்பும் சீக்கிரம் போகும். செராமிக்குக்குப் பல்ஸ் வகை (மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக விடுவது). யு.வி. (புற ஊதா) டியூபையும் எல்.இ.டி.யையும் தெர்மோஸ்டாட்டில் மாட்டவே கூடாது, அவற்றுக்கு டைமர்தான்.

90 செ.மீ. நீளத் தொட்டிக்கு 50 வாட் ஹாலஜனில் தொடங்கிப் பாருங்கள். வாட் அதிகமானால் விளக்கை உயர்த்துவதைவிடச் சிறிய பல்பு மாற்றுவது நல்லது. ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். செராமிக் விளக்கின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். விளக்கு தொட்டிக்குள் இருந்தால் கம்பிக் கூண்டு கட்டாயம். க்ளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள், பூனை ஒரு தட்டுத் தட்டினால் போதும், தீ விபத்துக்கு வேறெதுவும் வேண்டாம். எல்லாம் மாட்டியதும் கெக்கோ இல்லாமல் இரண்டு நாள் ஓடவிட்டு, காலை, மதியம், நள்ளிரவு மூன்று நேரமும் அளந்து பாருங்கள்.

கேள்வி: இரவில் சிவப்பு பல்பு போடலாமா? மின்சாரத்தில் சூடாகும் கல்?

பதில்: இரண்டும் வேண்டாம். கெக்கோக்களின் கண் மங்கிய வெளிச்சத்திலும் நிறம் பார்க்கக்கூடியது. கெக்கோ இனம் ஒன்றில் இது 2004-ல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டது. நீல பல்பு அதற்கு நன்றாகவே தெரியும். சிவப்பு பல்பிலிருந்தும் தூய சிவப்பு மட்டும் வருவதில்லை, அதனால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். சூடாகும் கல்லுக்குள் ஓரிடம் அதிகமாகக் காய்ந்து வயிறு வெந்துபோன கெக்கோக்கள் நிறைய.

கேள்வி: அந்தியில் வெளிவரும் பிராணிக்கு யு.வி. விளக்கு எதற்கு? கால்சியத்தோடு வைட்டமின் டி3 கொடுக்கிறேனே.

பதில்: டி3 பொடியைச் சரியாகக் கொடுத்தால் யு.வி. இல்லாமலும் வாழும், பலர் அப்படி வளர்க்கிறார்கள். ஆனால் பொடியில் அளவு கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. யு.வி.பி. (யு.வி. கதிரில் ஒரு வகை) பட்டால் தோலே தனக்கு வேண்டிய அளவு டி3-யைத் தயாரித்துக்கொள்ளும், எல்லை மீறாது. அந்தியில் வெளிவரும் பிராணிதான் என்றாலும், பகலில் பாறை இடுக்கில் இருந்து வாலையோ ஒரு காலையோ மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் கெக்கோக்களுக்கு உண்டு.

நிழல்வாசிகளுக்கான டி5 டியூப் (ஒல்லியான குழல் விளக்கு), யு.வி.பி. 5 முதல் 7 சதவீதம் என்று போட்டது, போதும். கெக்கோவின் முதுகு இருக்கும் உயரத்தில் யு.வி. குறியீடு 0.7 அளவில் இருக்கட்டும், 1.4-ஐத் தாண்டக் கூடாது. டியூப் தொட்டியின் பாதி நீளத்துக்குள், சூடான பக்கத்தில். மறுபக்கம் நிழல் வேண்டும். மேல்வலை யு.வி.யில் கணிசமான பங்கை விழுங்கிவிடும், கண்ணாடி யு.வி.பி.யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் தொட்டியை அடுப்பாக்குமே தவிர டி3 தராது. டியூப் பளிச்சென்று எரிந்தாலும் யு.வி. குறைந்துகொண்டே போகும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அல்பினோ (கருநிறமி இல்லாத) வகைக்கு இன்னும் குறைந்த யு.வி., நிறைய ஒதுங்கிடங்களோடு. யு.வி. போட்ட பிறகு டி3 பொடியைக் குறைக்கலாம், டி3 இல்லாத கால்சியத்தை நிறுத்தக் கூடாது.

விளக்கு எரிய வேண்டியது கோடையில் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10 மணி நேரம்.

கேள்வி: மின்சாரம் போய்விட்டால்?

பதில்: ஓரிரு மணி நேரத்துக்குப் பதற வேண்டாம். தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், காற்று போக மேலே கொஞ்சம் விடுங்கள். நீண்டால் வெதுவெதுப்பான நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பொந்தின் அருகில் வையுங்கள். அதுவரை இரை போடாதீர்கள். உடல் சூடு இல்லாமல் செரிக்காது, உண்டதைக் கக்கிவிடும்.