நினைவுப் பரிசு வைக்கிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களோடு எம்.எஸ்சி. இயற்பியல் படித்த தோழி சாலை விபத்தில் போய்விட்டாள். வகுப்பில் எப்போதும் அவள்தான் முதல். அவள் பெயரில் கல்லூரியில் ஆண்டுதோறும் பரிசு தர ரூ.2 லட்சம் சேர்த்திருக்கிறோம். பணம் எங்களில் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அடுத்து என்ன செய்வது?
– வாசகி, காட்பாடி

பதில்: முதல் வேலையாக அந்தக் கணக்கிலிருந்து பணத்தை வெளியே எடுங்கள். தனிநபர் பெயரில் இருக்கும்வரை வட்டி அவருடைய வருமானம். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் அவர் வாரிசுகளுக்குப் போகும்.

இதற்கென்று தனி டிரஸ்ட் பதிவு செய்யக் கிளம்ப வேண்டாம். பத்திரச் செலவு, ஆடிட்டர், ஆண்டுக்கொரு ரிட்டர்ன் என்று வட்டியை அதுவே தின்றுவிடும். கல்லூரியிலேயே அறக்கட்டளைப் பரிசாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியில் கொடுக்கும் பரிசாக, வையுங்கள். முதல்வருக்குக் கடிதம், கல்லூரி பெயரில் டிடி, அதைத் தனி வைப்புத்தொகையாகப் போட்டதற்கான ரசீதின் நகல், இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் ஐந்து ஆண்டு கழித்து எவ்வளவு, எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. நன்கொடைக்கான வரிச் சலுகைச் சான்று கல்லூரிக்கு இருந்தால், அவரவர் பெயரிலேயே செலுத்தி ரசீது வாங்குங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது.

இனி கணக்கு. 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.13,000. முழுவதையும் பரிசாகக் கொடுத்துவிடத் தோன்றும். அங்கேதான் பல பரிசுகள் செத்துப்போகின்றன. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் எல்லாமே இரண்டு மடங்கு விலை. உங்கள் 13,000-க்குப் பாதி மதிப்புதான். ஒரு காலத்தில் பெரிதாகத் தெரிந்த ஐம்பது ரூபாய்ப் பரிசுகள் இன்று சான்றிதழ் அச்சடிக்கும் செலவுக்கே காணாமல் பெயரளவில் நிற்பது இதனால்தான். ரூ.9,000 கொடுத்து ரூ.4,000-ஐ முதலோடு சேருங்கள். முதல் தொகை ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும். விலைவாசியை முழுக்க எட்டிப் பிடிக்காது, ஆனால் தேய்வு மெதுவாகும். கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்தில் '9,000' என்று எழுதிவிடாதீர்கள். வட்டி 5.5-க்கு இறங்கினால் 11,000தானே வரும்? 'சென்ற ஆண்டு வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு' என்று எழுதுங்கள்.

சோழர் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கின் நெய்க்காக 96 ஆடு விட்டு, அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டில் வெட்டினார்கள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டிகளைக் கொண்டு மந்தையை நிரப்பிக்கொள்வது இடையர் பொறுப்பு. உங்கள் இரண்டு லட்சமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தகுதியை ரொம்பக் குறுக்கவும் வேண்டாம். 'இன்ன தாளில் முதல் மதிப்பெண்' என்று எழுதினால் பாடத்திட்டம் மாறியதும் அந்தத் தாளே இருக்காது. 'இயற்பியல் முதுநிலை இறுதியாண்டில் முதலிடம். அந்தப் படிப்பு நின்றுபோனால் அறிவியல் துறைகளில் ஒன்று' என்று மாற்றுவழியும் எழுதுங்கள். இருவர் சமமாக வந்தால் என்ன, ஓர் ஆண்டு தகுதியானவர் இல்லாவிட்டால் என்ன என்பதற்கும் தலா ஒரு வரி போதும். கையெழுத்துக்கு முன் அவளுடைய பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். படம் போடலாமா, பெயரை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுதான்.

கேள்வி: மகன் படித்த அரசுப் பள்ளியில் அவன் பெயர் பொறித்த கல் வைக்க விரும்புகிறேன். யாரைக் கேட்க வேண்டும்?
– ஒரு தந்தை, ஆற்காடு

பதில்: தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள் ஐயா. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனாலும் தீர்மானம் பதிவேட்டில் இருக்கும். வெறும் கல்லைவிட, குடிநீர்த் தொட்டி, புத்தக அலமாரி என்று பிள்ளைகள் தினமும் தொடும் ஒன்றைச் செய்து அதில் பெயர் பதிக்கலாம் என்பது என் எண்ணம்.

கல்தான் என்றால் கறுப்பு கிரானைட். எழுத்தை 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். மேலாகக் கீறினால் நம் ஊர் வெயிலில் பெயின்ட் உரிந்ததும் எழுத்தும் மறைந்துவிடும். தங்க நிறம் எடுப்பாக இருக்கும், சீக்கிரம் மங்கும், வெள்ளை தாங்கும். வெட்டுவதற்கு முன் அதே அளவில் காகிதத்தில் எழுதி வாங்கி, மதிப்பெண் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ன–ண, ர–ற, இனிஷியல் ஆகியவற்றில்தான் தவறு நேரும். கிரானைட்டில் அழித்து எழுத வழியில்லை, புதுக் கல்தான்.

பழைய வடாற்காடு மாவட்டத்துக்கு இது புதிதல்ல. செங்கம் பகுதி நடுகற்களில் இறந்தவன் பெயரும் ஊரும் எதற்காக உயிர் விட்டான் என்பதும் சில வரிகளில் முடிந்துவிடும். உங்கள் கல்லிலும் பெயர், வகுப்பு, ஆண்டுகள் போதும்.

கேள்வி: எங்கள் மாணவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். பள்ளி வாசலில் நிரந்தரமாகப் படம் வைக்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, குடியாத்தம்

பதில்: வைக்க வேண்டாம். நொந்துபோயிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடலாம். எப்படி இறந்தான் என்ற விவரம், 'நிம்மதி அடைந்தான்' போன்ற பேச்சு இரண்டும் கூடாது. அதற்காக அவன் பெயரையே எடுக்காமல் மூடி மறைப்பதும் தவறு. விபத்தில் இறந்த மாணவனுக்கு ஓர் இரங்கல் கூட்டம் என்றால் இவனுக்கும் அதே. பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதங்களைப் பிள்ளைகள் எழுதட்டும். கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். நெருங்கிய நண்பர்களையும், முன்பே மனம் சோர்ந்திருந்தவர்களையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி எண்) 14416, தமிழகத்தின் சுகாதார உதவி எண் 104 ஆகியவற்றில் ஆலோசனை கிடைக்கும்.

கேள்வி: நினைவாக மரம் வைக்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தாராளமாக, நினைவு நாள் மே மாதத்தில் வந்தாலும் கன்றை ஐப்பசி மழைக்கு வையுங்கள். இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மண்ணோடு மக்கிய எரு கலந்து, வேம்போ புங்கனோ நடலாம். சுவரிலிருந்து பத்தடி தள்ளியிருக்கட்டும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆடு எட்டாத உயரத்துக்குக் கம்பிக் கூண்டும் வேண்டும்.