கர்த்தருடைய வேளை வரவில்லை என்று சொல்லலாமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை ஒன்றரை ஆண்டாக எழுதாமல் வைத்திருக்கிறேன். காலையில் ஜெபித்துவிட்டு உட்காருகிறேன். பிறகு துணி மடிக்கிறேன், அலமாரியை அடுக்குகிறேன், பொழுது போய்விடுகிறது. நெறியாளர் அழைத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். வீட்டில் கேட்டால், "கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை" என்கிறேன். என் சோம்பல் பாவமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

துணியையும் அலமாரியையும் ஓயாமல் ஒழுங்குபடுத்துகிற உங்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பேச்சு எழுந்தாலே சபையில் நீதிமொழிகளின் எறும்பைக் காட்டுவார்கள். எனக்கோ உங்கள் கடிதத்தைப் படித்ததும், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் உவமையில், எஜமான் நம்பிக் கொடுத்த ஒரு தாலந்துப் பணத்தை வியாபாரத்தில் போடாமல் நிலத்தில் புதைத்த ஊழியக்காரன்தான் நினைவுக்கு வந்தான். எஜமான் அவனைச் 'சோம்பன்' என்றே கடிந்துகொள்கிறான். ஆனால் அவன் தன் வாயால் சொல்லும் காரணம், 'நான் பயந்து' என்பதாகும். எஜமான் கடினமுள்ள மனுஷன் என்று முன்னதாகவே முடிவு கட்டிக்கொண்டதால், வியாபாரம் செய்வதைவிட மண்ணைத் தோண்டுவது அவனுக்கு எளிதாகப்பட்டது. குழி தோண்டவும் உழைப்பு வேண்டும்தானே! நீங்கள் போனைக் கவிழ்த்து வைப்பதிலும் அந்தப் பயத்தையே பார்க்கிறேன்.

கர்த்தருடைய வேளை என்று நீங்கள் எழுதியதில் மட்டும் சற்றுக் கண்டிப்பாயிருக்க வேண்டியிருக்கிறது. இயேசு பரமேறிய பின் சீஷர்கள் எருசலேமில் காத்திருந்தது, தங்களால் உண்டாக்க முடியாத, பரிசுத்த ஆவியானவரின் உன்னத பெலனுக்காக. உங்கள் இயல்களோ உங்கள் கை எழுத வேண்டியவை. செங்கடலுக்கு முன்னால் நின்ற மோசேயைப் பார்த்து, "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு" என்று கர்த்தரே சொன்னதை யாத்திராகமம் 14:15-இல் வாசிக்கிறோம். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள் என்கிறேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, நண்பகலில் துறவியரைப் பிடிக்கும் ஒருவகைச் சலிப்பை விவரித்திருக்கிறார். சூரியன் நகராததுபோல் தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல் இருக்கும், யாராவது வருகிறார்களா என்று கண் ஜன்னலையே தேடும். (அவர் காலத்தில் கைபேசி இல்லாததே ஆச்சரியம்!) ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவை வைத்து, அதை முடிக்குமுன் எழுந்திருக்காதே என்பது அவர் சொன்ன மருந்து. உங்களுக்கு இப்போதைக்கு அந்த அளவு ஒரு பத்தியாக இருக்கட்டும். அது மோசமான பத்தியாயிருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆய்வேட்டைத் தொடவே வேண்டாம். தள்ளிப்போடுகிறவர்களுக்கு வேலை நாளும் கிடையாது, ஓய்வு நாளும் கிடையாது; ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதும் எழுதாத பக்கங்களே கண்முன் நிற்கும்.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே விருப்பம் அற்றுப்போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

கர்த்தர் அனுப்பிய வாதையால் எகிப்து தேசமெங்கும் தவளைகள் நிறைந்திருந்தன; அவை எப்போது ஒழிய வேண்டும் என்று மோசே கேட்டபோது, அத்தேசத்து ராஜாவான பார்வோன் "நாளைக்கு" என்றான். இன்னும் ஓர் இரவு தவளைகளோடு படுத்தான். ஆகவே இதைப் படித்து முடித்தவுடன், விளக்கம் எதுவும் சேர்க்காமல், நெறியாளருக்கு இவ்வளவு மட்டும் அனுப்புங்கள்: "ஐயா, வணக்கம். உங்கள் அழைப்புகளை எடுக்காததற்கு மன்னிக்கவும். நான்காம் இயல் இன்னும் முடியவில்லை. எழுதியவரை எடுத்துக்கொண்டு வருகிற செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்க வரலாமா?"