முட்டை எத்தனை வாங்கணும்னு கேட்ட ஆச்சிக்கு

செட்டிநாட்டுக் கண்டனூர்லேர்ந்து ஒரு ஆச்சி எழுதியிருக்காங்க. அவங்க ஐயா கட்டின வீடு, எட்டு புள்ளி, அதாவது எட்டு குடும்பத்துக்குப் பங்கு, வர்ற தையில அந்த வீட்டுலயே கல்யாணம் வச்சிருக்காங்க. முற்றத்தைச் சுத்தி இருக்கிற வளவுல கீழ மூணடிக்கு பழைய பூச்சு உதிருதுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காண்ட்ராக்டரை கூப்பிட்டு, அதை கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசி மேல எமல்ஷன் பெயிண்டும் அடிச்சிருக்காங்க. இப்ப அந்த சிமெண்ட்டு அப்படியே நிக்குது, அதுக்கு மேல அஞ்சடி உசரத்துல பழைய வழவழ பூச்சு மாவு மாதிரி கொட்டுது. காண்ட்ராக்டர் "வாட்டர்புரூஃப் கெமிக்கல் அடிச்சு நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிடலாம் ஆச்சி"ங்கிறாராம். மகன் என்னடான்னா, ரோமன் காங்கிரீட் ரகசியத்தை விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிட்டாங்க, நம்ம ஆளுங்க சுண்ணாம்புப் பூச்சுல முட்டை போட்டதும் அதேதான், சிமெண்ட்ல வெள்ளைக்கரு கலந்து அடிச்சா நூறு வருஷம் நிக்கும்னு வாட்ஸ்ஆப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கார். "தம்பி, முட்டை எத்தனை வாங்கணும், அதை மட்டும் சொல்லுங்க"ன்னு ஆச்சி கேக்குறாங்க.

ஆச்சி, இப்போதைக்கு ஒரு முட்டை கூட வாங்க வேண்டாம். சிமெண்ட்ல முட்டைய ஊத்தினா முட்டையும் வீண் சிமெண்ட்டும் வீண். உங்க சுவர்ல இருக்கிற பிரச்சனை தண்ணி.

நாலு வருஷத்துக்கு முன்னாடி மூணடியில இருந்த உதிர்ப்பு இன்னைக்கு அஞ்சடிக்கு ஏறியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, நோய் என்னன்னு அந்த ஒரு வரியிலயே இருக்கு. பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் விளக்குத் திரி மாதிரி, அடியில ஈரம் இருந்தா மேல உறிஞ்சிக்கிட்டே இருக்கும். உறிஞ்சினது எவ்வளவு உசரம் போகும்ங்கிறது, வழியில எவ்வளவு காத்துல ஆவியா போகுதுங்கிறதைப் பொறுத்தது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரைக்கும் மூணடிக்குள்ளயே அந்த ஈரம் வேர்வை மாதிரி வெளிய போயிருக்கு, பூச்சும் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்திருக்கு. அந்த மூணடியையும் சிமெண்ட்டும் பெயிண்ட்டும் போட்டு மூடின உடனே தண்ணிக்கு வெளிய போக வழியில்லை, அது பாட்டுக்கு மேல ஏறி அஞ்சடியில வழி கண்டுபிடிச்சிருச்சு. மண்பானைக்கு வெளிப்பக்கம் எனாமல் பெயிண்ட் அடிச்சா தண்ணி குளிருமா? கசிஞ்சு ஆவியானாத்தான பானை வேலை செய்யும், உங்க சுவரும் அந்த ஜாதிதான். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினா அடுத்து ஆறடி ஏழடியில கொட்டும், அப்ப அங்கயும் டைல்ஸான்னு காண்ட்ராக்டரைக் கேளுங்க.

தண்ணி தனியா வர்றதில்ல, மண்ணுல இருக்கிற உப்பையும் கரைச்சு எடுத்துக்கிட்டு வரும். சிமெண்ட்டே தன் பங்குக்கு சல்ஃபேட் உப்பு கொஞ்சம் கொண்டுவந்து குடுக்கும், இதை யாரும் சொல்றதில்ல. தண்ணி ஆவியாகிற இடத்துல உப்பு உள்ள தங்கிரும், உப்பளம் மாதிரியேதான், ஆனா இங்க பாத்தி செங்கல்லுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. சோடியம் சல்ஃபேட்னு ஒரு உப்பு, காஞ்சிருக்கிறப்ப ஒரு அளவு, ஈரத்தை உறிஞ்சி படிகமானா மூணு மடங்குக்கு மேல பருத்துடும். மழை, வெயில், மழை, வெயில்னு மாறி மாறி வந்தா அது உள்ளயே உப்பி உப்பி பூச்சைத் தள்ளிவிட்டுரும். நீங்க பாக்குற மாவு அதுதான், சுவர் "உப்பு பூக்குது"ன்னு அப்பத்தாக்கள் சொன்னது சரியான கெமிஸ்ட்ரி.

ஒரு சின்ன வேலை செய்யுங்க. கொட்டுற மாவை ஒரு ஸ்பூன் எடுத்து கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி கலக்கிட்டு அஞ்சு நிமிஷம் வைங்க. கரைஞ்சு தெளிவாயிட்டா உப்பு. அடியில வெள்ளையா வண்டல் தங்குச்சுன்னா அது சுண்ணாம்பு, பூச்சே உதிருதுன்னு அர்த்தம். ரெண்டும் கலந்து இருக்கத்தான் சான்ஸ் அதிகம், எது ஜாஸ்தின்னு பாருங்க. அப்புறம் சுவர் மேல ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டோட சுவர்ப்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் உள்ளேர்ந்து வருது, ரூம் பக்கம் வேர்த்திருந்தா வெறும் காத்து ஈரம். விரல் முட்டியால சுவரைத் தட்டிக்கிட்டே போங்க, எங்க டொக்கு டொக்குன்னு பொக்கையா கேக்குதோ அங்க பூச்சு சுவரை விட்டு வந்துருச்சு, சாக்பீஸ்ல சுத்தி கோடு போட்டு வைங்க.

தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு நேர்ல பாக்காம சொல்ல முடியாது, ஆனா நம்ம பக்கத்துல நான் பாத்த வீடுகள்ல பாதிக்கு மேல ரெண்டே காரணம்தான். ஒண்ணு, முற்றத்துத் தண்ணி வெளிய போற வழி அடைச்சிருக்கும், ரெண்டு குடம் ஊத்திட்டு எவ்வளவு நேரத்துல வடியுதுன்னு பாத்தா தெரிஞ்சிரும். இன்னொண்ணு, தெருவுல ரோடு மேல ரோடு போட்டு ஏத்திக்கிட்டே வந்திருப்பாங்க, உசரமா கட்டின அடித்தளம் இப்ப ரோட்டு மட்டத்துக்கு வந்திருக்கும். இதுல அழகுக்குன்னு வீட்டைச் சுத்தி சிமெண்ட் தளம் வேற போட்டிருந்தா முடிஞ்சுது கதை, மண்ணுல இருக்கிற ஈரத்துக்கு மேல வர உங்க சுவர் மட்டும்தான் பாக்கி.

இனி மகனோட வீடியோவுக்கு வர்றேன். அதுல பாதி உண்மை. 2023 ஜனவரியில சயின்ஸ் அட்வான்சஸ்ங்கிற ஆய்விதழ்ல அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அத்மிர் மாசிச் குழு ஒரு கட்டுரை போட்டாங்க. ரோமுக்குப் பக்கத்துல பிரிவெர்னம்னு ஒரு பழைய ஊர், அங்க மதில் சுவர் காங்கிரீட்ல வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி இருக்கும், ரொம்ப நாளா எல்லாரும் அதை சரியா கலக்காத வேலைன்னுதான் நினைச்சாங்க. இவங்க என்ன சொல்றாங்கன்னா, சுட்ட சுண்ணாம்பை முன்கூட்டி தண்ணி விட்டு நீத்தாமலே அப்படியே சூடா கலந்ததால வந்த கட்டி அது, பின்னாடி விரிசல் விட்டு தண்ணி இறங்குறப்ப அந்தக் கட்டி கரைஞ்சு விரிசல்லயே கால்சியம் கார்பனேட்டா படிஞ்சு அடைச்சிருது. அரை மில்லிமீட்டர் விரிசலை வச்சு சோதனை பண்ணினாங்க, ரெண்டு வாரத்துல தண்ணி ஒழுகறது நின்னுபோச்சு. நல்ல ஆராய்ச்சி. ஆனா அது எரிமலைச் சாம்பல் கலந்த தடிமனான சுவர், நம்மது மேல்பூச்சு. நீராத கட்டி ஒண்ணு உங்க மேல்பூச்சுல மாட்டிக்கிச்சுன்னா ஆறு மாசம் கழிச்சு ஈரம் பட்டு உப்பி, பொரி மாதிரி வெடிச்சு குழி விழும். பழைய கொத்தனாருங்க சுண்ணாம்பை மாசக்கணக்குல தொட்டியில ஊறவச்சு சலிச்சு எடுத்தது அதுக்குத்தான். ரோம்லயும் நல்ல பூச்சு வேலைக்கு மூணு வருஷமாவது ஊறின சுண்ணாம்பு வேணும்னு சட்டம் இருந்ததா அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார்.

நம்ம பூச்சுக்கு நெருக்கமான ஆராய்ச்சி வேற, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. அதே 2023ல ஸ்பெயின்ல கிரனாடா யுனிவர்சிட்டி ஆளுங்க ஹோண்டுராஸ்ல கோபான்ங்கிற மாயா நகரத்துப் பூச்சைப் பிரிச்சுப் பாத்தாங்க. ஆயிரம் வருஷம் தாண்டி மழைக்காட்டுல நிக்குற பூச்சு, உள்ள பாத்தா அந்த ஊர் மரப்பட்டையோட சாறு. சாறுல இருக்கிற பொருள் சுண்ணாம்புப் படிகத்தோட பின்னிக்கிட்டு, சிப்பி ஓடு மாதிரி உடையாத தன்மையைக் குடுத்திருக்கு. 2010ல சீனாவுல பசையரிசிக் கஞ்சி கலந்த பழைய காரையைப் பத்தி எழுதினாங்க, அரிசி மாவுச்சத்துல இருக்கிற அமைலோபெக்டின்ங்கிற பொருள் சுண்ணாம்புப் படிகத்தை பெருசா வளர விடாம பொடிசா நெருக்கமா வச்சிருக்குன்னு. நம்ம கடுக்காய், வெல்லம், வெள்ளைக்கரு மூணும் இந்தக் குடும்பம்தான். கடுக்காய்ல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இருக்கு, வெல்லத்துல இருக்கிற சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணியில கூடுதலா கரைய வச்சு கலவையை குழைவாக்கும். வெள்ளைக்கருல பத்துல ஒம்பது பங்கு தண்ணி, மிச்சம் பெரும்பாலும் புரதம், அது ஆகக் கடைசி மெல்லிசு பூச்சுக்கு மட்டும். அந்தப் பளபளப்பும் முழுக்க முட்டையால வந்தது இல்ல, ஈரம் காயறதுக்குள்ள ஆளு உக்காந்து மணிக்கணக்கா தேச்ச தேய்ப்பு.

காரைக்குடியில இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடையில உள்ளங்கை அளவு பூச்சுத் துண்டு ஒண்ணு எனக்கு சும்மாவே குடுத்தாங்க. உடைச்சு பக்கவாட்டுல பாத்தா அடுக்கடுக்கா தெரியுது, சுவர்ப்பக்கம் செங்கல் பொடி கலந்து சிவப்பா, அப்புறம் பெருமணல், அப்புறம் பொடிமணல், கடைசியில முட்டை ஓட்டு கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. உடைச்ச இடத்துல காரம் இருந்தா ரோஸாகுற ஃபீனால்ஃப்தலீன் தெளிச்சேன், துளி நிறம் மாறல. கூடவே ஒரு வீட்டுல மூணு மாசம் முன்னாடி பூசின புதுத்துண்டு இருந்துச்சு, அதுல தெளிச்சா ஓரம் மட்டும் வெள்ளை, உள்ள பூரா ரோஸ்மில்க் கலர். ரோஸ் வந்தா அங்க இன்னும் இறுகாத சுண்ணாம்பு, வரலைன்னா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கி திரும்ப கல்லாயிருச்சு. காத்துல அது 0.04 சதவீதம்தான் இருக்கு, அதனாலதான் சுண்ணாம்பு இவ்வளவு மெதுவா இறுகுது, அவசரப்படுத்த முடியாது. அதுக்கு ஈரமும் வேணும், கத்திரி வெயில்ல பூசி காயப்போட்டா கல்லாகாம பொடியாத்தான் நிக்கும்.

அதனால உங்க தை மாசத்துக்குள்ள பழையபடி கண்ணாடிப் பூச்சு வராது ஆச்சி, யாராவது வரும்னு சொன்னா நம்பாதீங்க. இப்ப ஆனி. முதல்ல தண்ணி வர்ற வழியை அடைங்க. சிமெண்ட்டை சின்ன உளியில மெதுவா எடுக்கச் சொல்லுங்க, மெஷின் வேண்டாம், செங்கல் முகமும் சேந்து பேந்து வந்தா அந்த இடத்தை விட்டுறணும். எமல்ஷனையும் சுரண்டணும். பூத்த உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டி முறத்துல வாங்கி தூரக் கொட்டுங்க, கழுவினா திரும்ப சுவருக்குள்ளயே போயிரும். ஆடிக்காத்து முழுக்க சுவர் வெறுமனே நிக்கட்டும், பாக்க அசிங்கமா இருக்கும், பங்காளிங்க கேட்டா என் பேரைச் சொல்லுங்க. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்ங்கிறது சுவர் காயறதுக்கு கண்கணக்கு, ஒன்றரை அடி சுவருக்கு என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்குங்க.

ஆவணியில ஊறின சுண்ணாம்பு ஒண்ணுக்கு உப்பில்லாத ஆத்துமணல் மூணு போட்டு அரை இஞ்சுக்குள்ள ஒரே ஒரு பூச்சு. மணலுக்கு நடுவுல இருக்கிற சந்து ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, அந்த சந்தை ரொப்பத்தான் ஒண்ணுக்கு மூணு. போர் தண்ணி உப்பா இருந்தா கலக்காதீங்க. ஒரு வாரம் பத்து நாள் ஈரச்சாக்கு கட்டி நிழல்ல வைங்க. இந்தப் பூச்சு நிக்கிறதுக்கு இல்ல, மிச்ச உப்பை வாங்கிக்கிட்டு சாகுறதுக்கு, அடுத்த வருஷம் கொத்தி எடுத்துறணும். மார்கழியில அது மேல சுண்ணாம்பு வெள்ளை ரெண்டு கை அடிச்சா கல்யாண போட்டோவுக்கு பளிச்சுன்னு இருக்கும். நிஜமான பூச்சு அதுக்கு அடுத்த தை, மாசியில. அப்ப வேலை தெரிஞ்ச கொத்தனாரே முட்டைக் கணக்கு சொல்வார்.

முகப்புல இரும்பு உத்திரம் துரு பிடிக்குதுன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க. புதுச் சுண்ணாம்புல காரத்தன்மை ஜாஸ்தி, பிஹெச் 12க்கு மேல, அதுல இரும்பு துரு பிடிக்காது. கல்லாக மாறினதும் காரம் இறங்கி அந்தக் காவல் போயிரும், துரு இரும்பை விட பல மடங்கு இடம் பிடிக்கும், சுத்தி இருக்கிற பூச்சைப் பிளந்துரும். துருவை முழுசா சுரண்டி துருத்தடுப்பு பிரைமர் அடிச்சப்புறம்தான் மூடணும். 1948ல நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் நிலம் குடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலயே இருக்கு, இரும்பு அரிப்பு அவங்க முக்கியமான ஆராய்ச்சி. இதை வச்சுக்கிட்டு நம்ம ஊர்ல உத்திரத்தை துருவோட பூசி மூடறது எனக்கு எரிச்சலா வரும்.

இன்னொண்ணு, வீட்டுல குழந்தைங்க இருந்தா சுண்ணாம்புத் தொட்டியை மூடியே வைங்க. வெத்தலைக்குத் தடவுற அதே சுண்ணாம்புதானேன்னு நினைக்காதீங்க, கண்ணுல பட்டா பார்வையே போயிரும். பட்ட உடனே இருபது நிமிஷமாவது ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே இருந்து அப்புறம் ஆஸ்பத்திரி. சித்தாளுங்களுக்கும் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் குடுங்க, முட்டைக்கு ஒதுக்கின காசுல வாங்கிரலாம்.

டம்ளர்ல வண்டல் தங்குச்சா கரைஞ்சுதான்னு பாத்து எழுதுங்க.