ஹெச்-இண்டெக்ஸ் 6 என்றால் குறைவா?

கேள்வி: தொல்லியல் பேராசிரியர் ஒருவரின் கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் சேவை) பக்கத்தில் ஹெச்-இண்டெக்ஸ் 6 என்றிருக்கிறது. வேதியியல் துறையினருக்கு 40கூட இருக்கிறதே. இவரது ஆய்வு அவ்வளவு மட்டம்தானா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். ஹெச்-இண்டெக்ஸ் 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. குறைந்தது 6 மேற்கோளாவது (பிறர் தம் ஆய்வில் சுட்டுவது) பெற்ற ஆக்கங்கள் 6 இருந்தால் இண்டெக்ஸ் 6; 7 மேற்கோள் பெற்றவை 7 இருந்தால் 7. ஒருவரின் ஆக்கங்களை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 300, 18, 9, 4, 2. நான்காவதற்கு 4 இருக்கிறது, ஐந்தாவதற்கு 2தான். ஆக, இண்டெக்ஸ் 4. முந்நூறு மேற்கோள் பெற்ற நூலும் இதில் ஒன்றாகத்தான் சேரும். பல ஆண்டு உழைப்பு ஒரே அகழாய்வு அறிக்கையாக முடியும் தொல்லியலுக்கு இது பெரிய அநியாயம்.

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டின் அகழாய்வு அறிக்கையைப் பாருங்கள். 1946-இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ 2-ஆம் இதழில் வீலர், கோஷ், கிருஷ்ண தேவா ஆகிய மூவர் பெயரில் வந்தது. ரோமானிய வணிகம் பற்றி எழுதுவோர் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். சிலர் வீலரை மட்டும் குறிப்பிடுவார்கள், சிலர் மூவரையும். இப்படி எழுதினால் கூகுள் ஸ்காலரில் ஒரே அறிக்கை இரண்டு பதிவாகச் சிதறக்கூடும். பக்கத்துக்கு உரியவர் இரண்டையும் டிக் செய்து ‘மெர்ஜ்’ கொடுத்தால்தான் எண்ணிக்கை ஒன்றுசேரும்.

நம் ஊர் இனிஷியல் இன்னொரு தொல்லை. அதே இனிஷியலும் பெயரும் கொண்ட வேறொருவரின் கட்டுரைகளும் உள்ளே புகுந்துவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள 16 இலக்க அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு, மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து, அவருடைய மண்ணடுக்கு விவரத்தையோ காலக்கணிப்பையோ உண்மையில் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று படியுங்கள்.