அந்தமானில் கடல்தான் நேரம் குறிக்கிறது

போர்ட் பிளேரில் 19 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஊர் திரும்பிய பிறகும், விடுமுறை நெருங்கினாலே "அந்தமான் போகிறோம், என்ன சொல்கிறீர்கள்?" என்று யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில், முதன்முறை செல்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்கள் குழப்பும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக்கும் நீல் தீவும் 2018 முதல் சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு. பேச்சில் பழைய பெயர்களே புழங்குகின்றன. நானும் அவற்றையே எழுதுகிறேன்.

மே மாதம் ஐந்து நாள் பயணம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், மாமியார். கடைசி நாள் காலை ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி, அன்று பகலே சென்னைக்கு விமானம் பிடிப்பதாகத் திட்டம். சரிதானா?
— வாசகி, திண்டுக்கல்

சரியில்லை அம்மா. இந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குத் தனியார் விரைவுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் கடல் அமைதியாக இருக்கும் நாளுக்கானது. காற்று கொஞ்சம் எழும்பினால் படகு தாமதமாகும். இன்னும் எழும்பினால் அன்று படகே கிடையாது. ஒருமுறை போர்ட் பிளேர் படகுத்துறையில் ஒரு தகப்பனைப் பார்த்தேன். தோளில் தூங்கும் குழந்தை, நனைந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்த விமான டிக்கெட். ஹேவ்லாக்கிலிருந்து மூன்று மணி நேரம் தாமதமாக வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். அவர் ஆட்டோ தேடி நிற்கும்போதே சென்னை விமானம் தலைக்கு மேல் போயிற்று. அவர் அண்ணாந்து பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல் நினைவிருக்கும். அது புயலாக வலுப்பெறும் முன்பே, அந்தமான் பக்கம் தாழ்வு நிலையாக இருந்தபோதே, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் அவர்களைக் கரை சேர்த்தன.

அதனால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் இறங்கியதும், விமான நேரம் இடம் கொடுத்தால், நேரே ஹேவ்லாக் போய்விடுங்கள். பிறகு நீல். செல்லுலார் சிறை, கடைவீதி எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்து, திரும்புவதற்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். ஐந்து நாள் ஆறாக முடிந்தால் இன்னும் நிம்மதி.

இன்னொன்று. மே மாதத்தில் எந்த வாரம் என்று எழுதவில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானைத் தொட்டுவிடும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்ப முடியுமா என்று பாருங்கள். டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரைதான் அங்கே கடல் சாதுவாக இருக்கும்.

ராதாநகர் கடற்கரையில் மாலை ஆறு மணிக்குப் போனால் சூரியன் மறைவதைப் பார்க்கலாமா?
— வாசகர், மதுரை

ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள் ஐயா. நம் கடிகாரமே அங்கும். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால், சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும். ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். மூன்றரை மணிக்கே அங்கே இருங்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பழகிக்கொண்டால், சுற்றிப் பார்க்க ஒரு முழு நாள் கிடைத்த மாதிரி.

காவலர் விசில் ஊதினால் உடனே கரையேறுங்கள். அந்தமான் கடலோரங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணியின் உயிரே போனது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், கழிமுகத்தின் பக்கத்தில், பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை பார்க்கப் போனோம், "இப்போது படகு போகாது" என்று உட்கார வைத்துவிட்டார்கள் என்று என் தோழி சொல்கிறாள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அவரையும் அழைத்துப் போகிறேன்.
— வாசகி, காரைக்குடி

வழி உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நிறைய ஏறி, நிறைய வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மட்டாக இருக்கும். நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் ஆழம் குறைவு. நன்றாக வற்றிய நேரத்தில் பவளத்தின் மேல் படகு உரசும், அதனால் ஓட்ட மாட்டார்கள். ஓட்டாததே நல்லது. ஏற்ற நேரமும் வற்ற நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று பத்து மணிக்கு ஏற்றம் என்றால் நாளை பதினொன்றுக்குச் சற்று முன்னால். விடுதியில் போய் இறங்கியதும் "இன்று வற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு அன்றைய நாளைத் திட்டமிடுங்கள்.

அதே தீவில் இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவு இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, வற்றத்தில்தான் போக வேண்டும். வழியெல்லாம் பாசி படிந்த கூரான பாறைகள். அம்மாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள். பரத்பூரில் ஏற்ற நேரத்தில் கண்ணாடிப் படகில் உட்கார வையுங்கள். காலடியில் நீல மீன்கள் கூட்டமாகப் போகும், முழங்காலுக்கு ஒரு வேலையும் இல்லை. படகில் ஏற ஒரு படி உயரம் உண்டு, இருவர் கை கொடுங்கள். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். பயணத்துக்கு முன் குமட்டல் மாத்திரை தேவையா என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். விரைவுப் படகில் நடுப்பகுதி இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், ஆட்டம் குறைவு.

எனக்கு 45 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கூபா செய்யலாமா?
— வாசகர், சேலம்

ஆழ்கடலுக்குள் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். பலர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊரிலேயே உங்கள் மருத்துவரைப் பார்த்து எழுத்தில் வாங்கிச் செல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். செய்தால், அதன் பிறகு ஒரு முழு நாளாவது விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. திண்டுக்கல் வாசகிக்குச் சொன்ன கடைசி இரவு இதற்கும் உதவும்.

கப்பலிலேயே போனால் என்ன? பணம், செல்பேசி, மொழி எல்லாம் எப்படி?
— வாசகர், விழுப்புரம்

சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானம் இரண்டே கால் மணி நேரம். நேரம் இருக்கிறவர்கள் ஒரு வழியாவது கப்பலில் போக வேண்டும் என்பது என் ஆசை. கரையே தெரியாத கடல் எப்படி இருக்கும் என்பது அதில் போனால்தான் தெரியும். விடுப்பு குறைவென்றால் விமானமே சரி.

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் சின்னத் தீவுகளில் நம்பி இருக்க முடியாது. டிக்கெட், விடுதிச் சீட்டு எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பணமும் போர்ட் பிளேரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொது மொழி இந்தி. ஆனால் அபர்தீன் பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கினால் ஒன்றிலாவது தமிழ் கேட்கும்.

பாராடாங் போகும் வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்கலாம் என்கிறார்களே, அவர்களுக்குப் பிஸ்கட் கொண்டு போகலாமா?
— வாசகர், திருப்பூர்

கூடாது. நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து காட்டுக்குள் போகும் சாலை அவர்களுடைய வீட்டின் ஊடாகப் போகிறது. வாகனங்கள் குறித்த நேரத்தில் அணிவகுத்துத்தான் போக வேண்டும். நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம், சிறைவரை போகும். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு வந்து போகும் தட்டம்மை, வெளியுலகத் தொடர்பு தொடங்கிய பின் 1999இல் அவர்களிடையே பரவிப் பலரைப் படுக்கையில் தள்ளியது. பார்ப்பதற்காகவே அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வண்டி எடுக்காதீர்கள். பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளுக்குத்தான் போகிறீர்கள் என்றால், போகும் வழியில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பேத்திக்குச் சிப்பியும் பவளத் துண்டும் பொறுக்கிக்கொண்டு வரலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டும் அதில் அடக்கம். விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துவிடுவார்கள். சிப்பி, சங்குகளையும் விட்டுவிட்டு வாருங்கள். கடைகளில் முறையான ரசீதோடு விற்பவை வேறு.

என் மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்பு, காலாபத்தர் கடற்கரையில் சுண்டுவிரல் அளவு சங்கு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். சாம்பலும் பழுப்புமாக வரி போட்டது. அசையாமல் இருந்தோம். ஒரு நிமிடம் கழித்து வாய்ப்புறத்தில் இரண்டு கண்கள் குச்சியில் நிற்பதுபோல் எட்டிப் பார்த்தன, பிறகு சிவந்த கால்கள் ஒவ்வொன்றாக. அந்த வகை நண்டுக்குத் தன் வயிற்றை மூடச் சொந்த ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய காலிச் சங்காகத் தேடி மாறிக்கொண்டே இருக்கும். நாம் பொறுக்கும் காலிச் சங்கு அதற்கு அடுத்த வீடு. பேத்தியை அழைத்துப் போனால், ஈரமணலில் ஒரு சங்கின் பக்கத்தில் அவளைக் குந்த வைத்து, மெல்ல நூறு எண்ணச் சொல்லுங்கள்.