லேபிளை அப்புறம் பார்க்கலாம்: சர்ஃப் இசைத்தட்டுக் கேள்வி-பதில்

சர்ஃப் என்பது 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கடற்கரையில் கிளம்பிய கிட்டார் இசை. அதன் தட்டுகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேபிளின் வண்ணப் படம் மட்டும்தான் இருக்கிறது. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று உள்வளையமான டெட் வாக்ஸில் என்ன கீறியிருக்கிறது என்று எழுதியவர்கள் வெகு சிலர். லேபிள் அச்சகத்தில் அடித்த காகிதம், அதில் எதை வேண்டுமானாலும் போடலாம். உள்வளையத்தில் கீறியது தட்டு அடித்த ஆலைக்காரன் தன் வேலைக்காகப் போட்ட குறிப்பு, அவனுக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. ஊர் பேர் தெரியாத 45-ஐ (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) பற்றிக் கேட்கும்போது அந்தக் கீறலை இரண்டு பக்கத்துக்கும் எழுதி அனுப்புங்கள். போன முறையும் சொன்னேன்.

வட்டத்துக்குள் 'எம்ஆர்', பக்கத்தில் ஒரு முக்கோணம், பிறகு ஐந்து இலக்க எண். இது ரெக்கார்டு எண்ணா? (ச.மு., கோவை)

இல்லை. அது லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலையின் முத்திரை. முக்கோணத்தோடு வருவது ஆலையின் வேலை எண். வேலை வர வர அந்த எண் ஏறிக்கொண்டே போகும். வெளியான வாரம் தெரிந்த இரண்டு தட்டுகளை, உங்கள் எண்ணுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாகப் பிடியுங்கள். உங்களுடையது எந்த மாதத்து வேலை என்று கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த வாரத்தைத் தேட பில்போர்டு, கேஷ் பாக்ஸ் என்ற இசை வணிகப் பத்திரிகைகளின் பழைய இதழ்களில் புது சிங்கிள் விமர்சனப் பக்கங்கள் இருக்கின்றன. கிடைப்பது தட்டு அடித்த காலம், வாசித்த காலம் அல்ல. மோனார்க் என்றதும் குழுவும் லாஸ் ஏஞ்சலஸ்தான் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். வெளியூர்க் கம்பெனிகளும் மேற்குக் கரைப் பிரதிகளை அங்கே கொடுத்து அடித்தன.

மேட்ரிக்ஸ் (உள்வளையத்தில் கீறிய எண்) 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. ஆர்சிஏ கம்பெனி பிறருக்காக அடித்துக் கொடுத்த 'கஸ்டம்' அச்சு என்கிறார் நண்பர். எந்த வருடம்? (வாசகர், திருச்சி)

1962. கே 1959, எல் 1960, எம் 1961, என் 1962, பி 1963, ஆர் 1964, எஸ் 1965. நடுவில் ஓ-வும் கியூ-வும் கிடையாது. இது ஆர்சிஏ ஆலைக்கு மட்டும். வேறு தட்டில் 'என்' பார்த்துவிட்டு 1962 என்று குதிக்க வேண்டாம்.

சர்ஃபாரிஸ் குழுவின் 'வைப் அவுட்' எல்.பி. (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) முழுவதையும் பலமுறை கேட்டு, அவர்களுடைய கிட்டார் பாணி பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். இதே பாணியில் இருக்கும் பெயர் தெரியாத இரண்டு பதிவுகளும் அவர்களுடையவைதானே? (ஆர்.கே., பெங்களூரு)

கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தி வையுங்கள். டாட் கம்பெனி 1963-இல் போட்ட அந்த எல்.பி.யில் சர்ஃபாரிஸ் வாசித்தது 'வைப் அவுட்', 'சர்ஃபர் ஜோ' இரண்டு மட்டும். மற்றவற்றை வாசித்தவர்கள் சேலஞ்சர்ஸ். உறையில் சர்ஃபாரிஸ் பெயர், உள்ளே வேறு கை. நீங்கள் 'சர்ஃபாரிஸ் பாணி' என்று வரி வரியாகப் பாராட்டியிருப்பது சேலஞ்சர்ஸைத்தான். அவர்களும் நல்ல குழுதான், பாராட்டு வீண்போகவில்லை. ஆனால் அந்தப் 'பாணி'யை அளவுகோலாக வைத்து இன்னும் இரண்டு அநாமதேயத் தட்டுகளுக்குப் பெயர் சூட்டினால், ஒரு தவறு மூன்றாகப் பெருகும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னிக்கவும். சர்ஃப் இசையில் பெயர் என்பது சட்டை மாதிரி, யாருக்குப் பொருந்தியதோ அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சர்ஃபாரிஸ் என்ற பெயரிலேயே இன்னொரு குழு இருந்தது. பெயருக்காக வழக்கு நடந்து, அவர்கள் 'ஒரிஜினல் சர்ஃபாரிஸ்' ஆனார்கள். 'பஸ்டின் சர்ஃப்போர்ட்ஸ்' வாசித்த டோர்னடோஸ், இங்கிலாந்தின் டோர்னடோஸ் 1962-இல் 'டெல்ஸ்டார்' போட்டுப் பிரபலமானதும் 'ஹாலிவுட் டோர்னடோஸ்' ஆனார்கள். 'சர்ஃபர்ஸ் ஸ்டாம்ப்' வாசித்த மார்க்கெட்ஸை எந்தப் பள்ளி நடன அரங்கிலும் தேட வேண்டாம். ஜோ சராசெனோ என்ற தயாரிப்பாளர் ஹாலிவுட் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து வைத்த பெயர் அது. மலிவு விலை எல்.பி.க்களின் கதை இன்னும் மோசம். ஜெரி கோல் போன்ற ஒரு ஸ்டூடியோ கிட்டார்காரர் ஓரிரு நாளில் வாசித்துத் தள்ளியதற்கு ஊரில் இல்லாத குழுவின் பெயரைப் போட்டு, அட்டையில் அலையும் பலகையும் வரைந்து கடையில் தொங்கவிட்டார்கள்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஸ்டூடியோ ஆட்கள் என்று சந்தேகம் வந்தால் தொழிற்சங்கத் தாள். லாஸ் ஏஞ்சலஸ் வாத்தியக்காரர் சங்கமான லோக்கல் 47-இல் பதிவான செஷன் (ஒலிப்பதிவு அமர்வு) ஒப்பந்தங்களில் வாசித்தவர் பெயர், தேதி, மணி நேரம் எல்லாம் இருக்கும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் குழு என்றால் சங்கத் தாளே இருக்காது. அப்போது உள்ளூர்ப் பத்திரிகையின் நடன விளம்பரம், பள்ளி ஆண்டு மலர், அரங்குத் துண்டறிக்கை என்று இறங்க வேண்டும். மெதுவான வேலை. அதைச் செய்ய மனமில்லாதவர்கள்தான் 'காதால் கேட்டே சொல்லிவிடுவேன்' என்பார்கள். காது சந்தேகத்தைக் கிளப்பும், அத்தோடு சரி.

உங்கள் இரண்டு பதிவுகளுக்கும் டெட் வாக்ஸ் எங்கே?

ரிவர்ப் (கிட்டாருக்குச் செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி) இல்லாத தட்டு சர்ஃப் ஆகுமா? ரிவர்ப்பை வைத்து வருடம் சொல்ல முடியுமா? (வாசகர், ஈரோடு)

ஆகும். டிக் டேலின் 'லெட்ஸ் கோ டிரிப்பின்', பெல்ஏர்ஸின் 'மிஸ்டர் மோட்டோ' இரண்டும் 1961. இரண்டும் காய்ந்த சத்தம். கிட்டார் கம்பெனியான ஃபெண்டர், சுருள்கம்பியின் அதிர்வால் எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவர்ப்பைத் தனிப் பெட்டியாக விற்கத் தொடங்கியதும் அதே 1961-தான், தட்டுகளில் அது பரவியது அடுத்த ஆண்டிலிருந்து. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும்போது 'சொட்' என்று தண்ணீர் விழுகிற மாதிரி கேட்டால் அது ஸ்பிரிங், ஆகவே தட்டு 1961-க்கு முந்தியது அல்ல. அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் கறக்க முடியாது. வெறும் அறை எதிரொலியைக் கேட்டு ரிவர்ப் பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டூடியோக்களில் எதிரொலி அறைகள் அதற்கும் முன்பே இருந்தன, அவை சொட்டாது.

இணையத்தில் 'அன்னோன் சர்ஃப் 1962, கலிபோர்னியா' என்று ஒரு பதிவு. பாட்டை அடையாளம் காட்டும் செயலி ஒரு பெயர் சொல்கிறது, கீழே பின்னூட்டத்தில் இன்னொரு பெயர். எது சரி? (பி.எல்., சென்னை)

இரண்டுமே யாரோ எழுதியது. செயலிக்கு ஞானம் இல்லை, தன்னிடம் பதிவை ஏற்றியவர் கொடுத்த பெயரைத் திருப்பிச் சொல்கிறது. '1962' என்பதும் 'கலிபோர்னியா' என்பதும்கூட ஏற்றியவரின் ஊகமாக இருக்கலாம். 1980-ஐ ஒட்டி சர்ஃப் இசைக்கு ஒரு மறுமலர்ச்சி வந்தது, 1990-களில் இன்னொன்று. பழைய கிட்டார், பழைய ரிவர்ப் பெட்டி, மோனோ ஒலி என்று வேண்டுமென்றே பழமையாகச் செய்த குழுக்கள் நிறைய. தட்டு கையில் இல்லாமல், அல்லது தட்டு வைத்திருப்பவர் யார் என்று தெரியாமல் வருடம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

லேபிளில் இரண்டு குடும்பப் பெயர்களும் 'பிஎம்ஐ' என்பதும் மட்டும் உள்ளன. அந்த இருவரும்தான் வாசித்தவர்களா? (ந.சு., யாழ்ப்பாணம்)

கடைசியில் ஒழுங்காகக் கேட்ட ஒரு கடிதம். அடைப்புக்குறிக்குள் வரும் பெயர் இசையமைத்தவருடையது. உள்ளூர்க் குழுக்களில் அவரே கிட்டார் வாசித்தவராகவும் இருப்பது வழக்கம், ஆனால் கட்டாயமில்லை. வென்ச்சர்ஸ் குழு 1960-இல் புகழாக்கிய 'வாக், டோன்ட் ரன்' ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கலைஞர் 1954-இல் போட்டது. லைவ்லி ஒன்ஸின் 'சர்ஃப் ரைடர்' வென்ச்சர்ஸின் நோக்கி எட்வர்ட்ஸ் அமைத்தது. வென்ச்சர்ஸ் தட்டில் அதே மெட்டுக்கு 'ஸ்புட்னிக்' என்று பெயர், ஆங்கிலத்தில் நடுவில் T அல்ல, D எழுத்தோடு. ஆக ஒரு மெட்டுக்கு இரண்டு தலைப்பு இருக்கலாம், தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் வழி தவறும்.

முதலில் பிஎம்ஐ, ஆஸ்காப் என்ற இசையமைப்பாளர் உரிமை அமைப்புகளின் தேடுபக்கங்களில் இசையமைத்தவர் பெயரை இடுங்கள். முழுப்பெயரும் பதிப்பகமும் அங்கே கிடைக்கலாம். அடுத்து அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பட்டியல் தொகுதிகள். அவற்றில் 'ஈயு' என்று தொடங்கும் எண் அச்சில் வெளிவராத இசைக்கு உரியது. சிறு குழுக்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். 1978-க்கு முன் மெட்டைப் பதிவு செய்யத் தட்டை அனுப்பினால் போதாது, சுரம் எழுதிய காகிதம் வேண்டும். நோட்ஸ் எழுதத் தெரியாத பையன்களுக்கு யாராவது எழுதிக் கொடுத்தார்கள், அல்லது பதிவே செய்யவில்லை. பட்டியலில் இல்லை என்பதால் தட்டு போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

'மிஸிர்லூ' டிக் டேல் போட்டதுதானே? (வாசகர், மதுரை)

இல்லவே இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடல் ஊர்களில் உலவிய மெட்டு. 1927-இல் நியூயார்க்கில் தெட்டோஸ் டெமெட்ரியாடெஸ் பதிவு செய்தார். 1941-இல் நிக் ரூபானிஸ் தன் பெயரில் உரிமை எடுத்தார். டேல் வாசித்தது 1962. அவருடைய தந்தை வழி லெபனான்; மெட்டு வீட்டுச் சொத்து.

டாட் லேபிளில் 'பைப்லைன்' வைத்திருக்கிறேன். முதல் பதிப்பா? (எம்.ஜே., டொராண்டோ)

இல்லை. அதை வாசித்த சான்டேஸ் குழுவின் முதல் பதிப்பு டவுனி லேபிள். கலிபோர்னியாவின் டவுனி ஊரில் ஒரு ரெக்கார்டு கடைக்காரர் நடத்திய சிறு கம்பெனி அது. பாட்டு பிடித்துக்கொண்டதும் நாடு முழுக்க விற்க டாட் வாங்கியது. 'வைப் அவுட்'டும் இப்படித்தான், முதலில் டிஎஃப்எஸ், பிறகு பிரின்சஸ், கடைசியில் டாட். கூடுதலாக ஒன்று: இரண்டு பாட்டும் பதிவானது குக்கமோங்காவில் பால் பஃப் நடத்திய பால் ஸ்டூடியோவில். திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே. கடலைப் பாடிய இரண்டு பெரிய தட்டுகளும் கடல் தெரியாத இடத்தில் பிறந்தவை.

சர்ஃப் என்றாலே கலிபோர்னியாதானே, பிறகு எதற்கு ஊர் தேட வேண்டும்? (அதே எம்.ஜே.)

சர்ஃப் குழுக்களில் டிராஷ்மென் மினியாபொலிஸ். அஸ்ட்ரோனாட்ஸ் கொலராடோவின் போல்டர். அட்லான்டிக்ஸ் சிட்னி. போதுமா?

அனாஹைமில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் 'ஆடியோடிஸ்க்' கம்பெனித் தட்டு ஒன்று வாங்கினேன். பென்சிலில் 'இன்ஸ்ட்ருமென்டல் 2' என்று மட்டும் இருக்கிறது. மேலே வெள்ளைப் படலம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு வாசிக்கலாமா? (கே.வி., இர்வைன்)

கையை எடுங்கள் தம்பி. அது அசிடேட்: அலுமினியத் தட்டின் மேல் லாக்கர் பூச்சு. நடுத் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு துளை இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பிரிட் பட்டால் பூச்சு கெட்டு, பாட்டும் அதோடு போகும். வெள்ளைப் படலம் பூச்சிலிருந்து கசிந்த கொழுப்பமிலம். அதை எடுக்கத் தெரிந்த ஆவணக் காப்பக ஆட்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஊசி வைக்கும்போதும் ஒலி தேயும். ஆகவே படலத்தை அவர்கள் எடுத்துத் தந்தபின் நல்ல ஊசியில் ஒரே ஒரு முறை ஓட்டி, கணினியில் ஏற்றிவிட்டு உறைக்குள் வையுங்கள்.

ஆடியோடிஸ்க் என்பது வெற்றுத் தட்டு செய்து விற்ற கம்பெனி, பிரெஸ்டோவும் அப்படியே. அவற்றைப் பாட்டை வெளியிட்ட லேபிளின் பெயர் என்று பட்டியலில் ஏற்றியிருக்கும் புண்ணியவான்கள் உண்டு. உங்களுக்குத் தடயம் வேறு இடத்தில் இருக்கிறது: பென்சில் கையெழுத்து, உறையில் ஸ்டூடியோ முத்திரை, அந்த வீட்டுக்காரர்கள். தட்டை விற்ற வீட்டில் 'இது யாருடையது' என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றே திரும்பிப் போய்க் கேளுங்கள். வீடு கைமாறிவிட்டால் கேட்க ஆள் இருக்க மாட்டார்.

1963 தட்டு, கம்பெனி மூடிவிட்டது, குழுவும் இல்லை. தொகுப்பில் சேர்த்து இணையத்தில் விற்கலாம்தானே? (வாசகர், சென்னை)

கூடாது. கம்பெனி மூடினால் உரிமை ஆவியாகிவிடாது, யாரோ ஒருவர் கையில் இருக்கும். அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையான ஒலிப்பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு. 2018 சட்டம் அப்படிச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியானவற்றுக்குக் கெடு முடிந்துவிட்டது, 1963 முதல் வெளியானவற்றுக்கு 70 ஆண்டு. ஐரோப்பியத் தொகுப்புகள் பல 1962-இல் சட்டென்று நின்றுபோவதன் ரகசியம் இதுதான். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு என்பதால் 1963 தட்டு 2023 முடிவோடு விடுபட்டது. ஆனால் மெட்டின் உரிமை தனிக் கணக்கு, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தவிர, இணையத்தில் போட்டால் வாங்குபவர் அமெரிக்காவிலும் இருப்பார். வக்கீலைப் பாருங்கள்.

என் தட்டு எவ்வளவு போகும்? (பலர்)

விலை சொல்வதில்லை.

சிங்கப்பூர் குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷான்டி' சர்ஃப் வகையா? (டி.எஸ்., சிங்கப்பூர்)

இல்லை, இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவின் பாணி. 1964-இல் சிங்கப்பூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்த உள்ளூர்த் தட்டு அது. ஷேடோஸ் கிட்டாரில் கேட்பது டேப் எக்கோ (ஒலிநாடாவில் உண்டாக்கும் எதிரொலி), ஸ்பிரிங் சொட்டு அல்ல. உங்களிடம் இருப்பது முதல் அச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். டெட் வாக்ஸை எழுதி அனுப்புங்கள், இரண்டு பக்கத்துக்கும்.